அப்பா கோலி ஆடிய ஞாயிற்றுக்கிழமை

மகளின் பள்ளியில் பெற்றோர் சந்திப்புக்குப் போனபோது வகுப்பறைச் சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்களை ஒட்டியிருந்தார்கள். 'எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை' என்பது தலைப்பு. என் மகளின் படத்தில் நான் மொட்டைமாடியில் அவளோடு பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தேன். என் தலைமுடி காற்றில் பறந்தது. எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் நான் ஒரு துணிகூட உலர்த்தியதில்லை. அதன் சாவி எப்போதும் சங்கச் செயலாளரிடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் துவைக்கிறேன், வாரத்துக்கு வேண்டிய மாவை அரைக்கிறேன், மதியத்துக்கு மேல் அடித்துப்போட்டதுபோல் தூங்குகிறேன். குழந்தை எவ்வளவு கவனித்து வரைந்திருக்கிறாள் பாருங்கள் என்றார் வகுப்பாசிரியை. பார்த்தேன். பக்கத்தில் இருந்த சின்னப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, சர்க்கரை ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தார். இல்லை என்றேன். ஒரு படம் ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதை அந்த இளம் ஆசிரியையிடம் நின்ற இடத்தில் சொல்லி முடிக்க முடியாது. வீட்டுக்கு வந்த பிறகும் படபடப்பு அடங்கவில்லை. இன்றும் அடங்கவில்லை. எழுதினால் அடங்குமா என்று பார்க்கிறேன்.

அப்போது எண்பதுகள் முடியப்போகிற சமயம். நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். திருமுல்லைவாயிலில், ஒரே வாசலுக்குள் மூன்றும் மூன்றுமாக ஆறு வீடுகள் எதிரெதிரே இருந்த ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். சிமெண்ட் ஷீட் கூரை. நடுவில் தளம் போட்ட முற்றம், முற்றத்தில் ஓர் அடிபம்பு, அடிபம்பைச் சுற்றி எந்நேரமும் பிளாஸ்டிக் குடங்கள். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். சித்தப்பா எங்களோடு இருந்தார். ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு இரண்டு வருடமாக டிராயிங் மாஸ்டர் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் யாராவது கடைக்குப் பலகை எழுதக் கூப்பிட்டால் போவார். அவரைப் படிக்கவைத்தது அப்பாதான். சொந்த ஊரான நூம்பலில் அவர்களுடைய அப்பா இறந்தபோது என் அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. மறுவாரமே வேலப்பன்சாவடியில் ஒரு பட்டறையில் சேர்ந்துவிட்டார். இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. சித்தப்பா மேல் கோபம் வரும்போதெல்லாம் அம்மா சொல்லுவாள்.

அந்தக் கோடையில், ஒரு இரும்பு வார்ப்பைத் தள்ளுவண்டியிலிருந்து தூக்கும்போது அப்பாவின் முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் தூக்க வேண்டியது. இன்னொருவர் டீ குடிக்கப் போயிருந்தார், அப்பா காத்திருக்கவில்லை. இ.எஸ்.ஐ. டாக்டர் முதலில் ஆறு வாரம் லீவு எழுதிக் கொடுத்தார், பிறகு அதை நீட்டினார். குனியக் கூடாது, குந்தக் கூடாது, தரையில் பாயைப் போட்டு மல்லாந்து படுத்திருக்க வேண்டும். சாப்பாடு நின்றுகொண்டு, ஜன்னல் கட்டையில் தட்டை வைத்து. வெளியே போவதென்றால் செருப்பை நான் மாட்டிவிட வேண்டும். அப்பாவைப் பகல் வெளிச்சத்தில் நான் அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் காதோரம் நரைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

அந்த நாட்களில்தான் நகரத்தில் ஒரு கலைச் சங்கம் ஓவியப் போட்டி அறிவித்தது. சாதாரண மக்களின் ஓய்வுநேரம் என்பது தலைப்பு. ஓவியர் தம் கண்ணால் கண்டதை மட்டுமே வரைய வேண்டும், கற்பனைப் படங்கள் ஏற்கப்படமாட்டா என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். பரிசு வாங்கினால் பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தன்னைக் கட்டாயம் கூப்பிடுவார்கள் என்று சித்தப்பா நம்பினார். இரண்டு நாள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். நம் வீட்டில் கண்ணால் காண்பதற்கு என்ன இருக்கிறது என்று அலுத்துக்கொண்டார்.

"நான் டெய்லி கண்ணால காண்றது இந்தக் கொட வரிசதான் தம்பி. வேணும்னா அத வரைங்க" என்றாள் அம்மா.

குட வரிசை ஓய்வுநேரம் ஆகாது. கடைசியில் சித்தப்பாவே ஓர் ஓய்வுநேரத்தை உண்டாக்கினார். ஞாயிற்றுக்கிழமை மதியம், வாசலில் ஒரு தகப்பன் தன் மகளோடு கோலி ஆடுகிறான். மனைவி கதவோரம் நின்று பார்க்கிறாள். அவ்வளவுதான் படம். தகப்பன் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, குனிந்து, ஒரு கண்ணை மூடிக் குறி பார்க்க வேண்டும். அப்பாவோ பாயில் கிடந்தார். அதற்கும் சித்தப்பா வழி கண்டுபிடித்தார். எதிர்வீட்டு அங்கிள் ஆட்டோ ஓட்டுகிறவர், அப்பாவின் உயரம், அப்பாவின் தோள். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு பனியன், லுங்கியோடு எங்கள் வாசலில் குந்துவதற்கு ஒத்துக்கொண்டார். கழுத்துக்குக் கீழே மட்டும்தான் அவர் என்பதை வந்த பிறகுதான் சித்தப்பா சொன்னார்.

"மூஞ்சி அண்ணாது, ஒடம்பு என்னுதா? நல்ல கதயா கீதே. நாளைக்கி எதுனா ஒண்ணுன்னா யாரப்பா புடிப்பாங்க?"

உள்ளே பாயிலிருந்து அப்பா சிரிப்பது கேட்டது. சிரித்தால் வலிக்கும் என்பதால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

முதல் ஞாயிறு அங்கிள் ஒரு மணி நேரம் குனிந்தே இருந்தார். முட்டி கழன்றுகொள்ளப் போகிறது என்று புலம்பினார், டீ கேட்டார், தன் கையில் இருக்கிற தழும்பையாவது படத்தில் போடச் சொல்லிக் கெஞ்சினார். நான் முழங்கால்களில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தபடி நிற்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் உண்மையாகவே சிரித்தேன். பிறகு தாடை வலித்தது. சித்தப்பா தலையைத் தூக்காமலேயே சிரி, சிரி என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா சும்மா நிற்க மறுத்தாள். முறத்தில் ரேஷன் அரிசியை எடுத்துவந்து நிஜமாகவே கல் பொறுக்கினாள். ஒரு மாதத்துக்கான அரிசி அந்த ஞாயிறுகளில் சுத்தமானது. அந்தப் படத்தால் எங்கள் வீட்டுக்கு நேர்ந்த ஒரே லாபம் அதுதான் என்று பின்னாளில் சொல்லுவாள்.

அடுத்த வாரம் அப்பாவின் முகம். சித்தப்பா பாய்க்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். குறி பார்ப்பதுபோல ஒரு கண்ணை மட்டும் மூடச் சொன்னார். அப்பாவுக்கு அது வரவில்லை. ஒன்றை மூடினால் இன்னொன்றும் மூடிக்கொண்டது. நான் மூடிக் காட்டினேன், அங்கிள் வாசலிலிருந்தே மூடிக் காட்டினார். எவ்வளவு முயன்றும் அப்பா தூங்குகிறவர் மாதிரிதான் இருந்தார். கொஞ்சம் ஒருக்களித்துப் படுத்தால் சரியாக வரும் என்று நினைத்தாரோ என்னவோ, யாரையும் கூப்பிடாமல் தானாகவே திரும்பினார். முதுகில் வலி வெட்டியிருக்க வேண்டும். இடது கண் இறுக மூடிக்கொண்டது. உதட்டோரம் இழுத்துக்கொண்டு பல் தெரிந்தது.

"அப்டியே இருண்ணா" என்றார் சித்தப்பா.

அப்பா அப்படியே இருந்தார். பென்சில் தாளில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. நெற்றியில் வியர்வை கோத்து காதுக்குள் வழிந்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, போதும் தம்பி என்றாள். அவன் முடிக்கட்டும், இரு என்றார் அப்பா. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் அவர் குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது. அப்பா நன்றாக நடிக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

படம் முடிவதற்கு நான்கு ஞாயிறு ஆனது. முடிந்தபோது எங்களுக்கே எங்கள் வீட்டை அடையாளம் தெரியவில்லை. சிமெண்ட் ஷீட் போய் நாட்டு ஓடு வந்திருந்தது. தளம் செம்மண்ணாக மாறியிருந்தது. அடிபம்பு இருந்த இடத்தில் ஒரு கிணறு, அதன் மேல் பித்தளைக் குடம். ஒரு செடிகூட இல்லாத எங்கள் காம்பவுண்டில் வேப்பமரம் நிழல் விரித்திருந்தது. நூம்பலில் உங்களுக்குக் கிணறு இருந்ததா என்று அம்மா கேட்டாள். பக்கத்து வயல்காரருடையது என்றார் சித்தப்பா. அம்மாவின் நைலக்ஸ் புடவை படத்தில் சுங்குடிச் சேலையாகியிருந்தது. "இந்தச் சேல எனக்கு யார் எடுத்துக் குடுத்ததுன்னு அவரு கேட்டா இன்னா சொல்றது?" என்றாள். ஆனாலும் கிட்டே போய் அந்தச் சேலையின் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பாவால் எழுந்து உட்கார முடியாது. சித்தப்பா படத்தை இரண்டு கையாலும் அவர் முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தார். கை ஓய்ந்து படம் ஆடத் தொடங்கும் வரை அப்பா பார்த்தார். காலடிச் சுவரில் சாய்த்து வைக்கச் சொன்னார். போட்டிக்கு எடுத்துப் போகும் வரை ஒரு வாரம் அது அங்கேதான் இருந்தது. நான் செய்தித்தாள் படித்துக் காட்டும்போது அவர் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துப் படிப்பேன். நிமிர்ந்தால் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் பரிசு கிடைத்தது. ஒரு வாரப் பத்திரிகை நடுப்பக்கத்தில் வண்ணத்தில் போட்டது. மறுபக்கம் சித்தப்பாவின் பேட்டி. நான் எதையும் கற்பனை செய்யவில்லை, சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் வீட்டு வாசலில் கண்டதை அப்படியே வரைந்தேன், அண்ணன் அம்பத்தூரில் லேத் ஓட்டுகிறார், இன்றும் வாரம் தவறாமல் மகளோடு கோலி ஆடுவார் என்று சொல்லியிருந்தார். பத்திரிகைக்காரர் தன் பங்குக்கு, இழந்துவிட்ட எளிய சந்தோஷங்களை அந்த ஒரு கண்ணின் சுருக்கம் நமக்குத் திருப்பித் தருகிறது என்று எழுதியிருந்தார். அம்மா அந்தப் பேட்டியை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தாள். சித்தப்பா நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிச் சொன்னால்தான் பத்திரிகையில் போடுவார்கள் அண்ணி என்றார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

அந்தப் பத்திரிகையை ஆறு வீட்டுக்கும் எடுத்துப் போனேன். பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். அப்போதும் ஆசை தீரவில்லை. ஒரு மாலை, அப்பாவோடு வேலை செய்கிற ஒருவர் சாத்துக்குடிப் பையோடு பார்க்க வந்தார். மாத்திரை போட்டுக்கொண்டு அப்பா தூங்கியிருந்தார். சித்தப்பா வெளியே போயிருந்தார், அம்மா பம்படியில் இருந்தாள். வந்தவரிடம் நான் படத்தைக் காட்டினேன். அவர் கைதட்டாத குறையாகச் சந்தோஷப்பட்டார். கம்பெனிக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டுங்கள் என்று நான்தான் அவர் பைக்குள் வைத்தேன். நல்ல மனிதர். மறுநாள் கேண்டீன் பலகையில் நான்கு குண்டூசி போட்டுக் குத்திவைத்துவிட்டார்.

பத்து நாளில் பதிவுத் தபால் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைச் சித்தப்பா நின்றுகொண்டே படித்து, உட்கார்ந்து எங்களுக்குத் தமிழில் சொன்னார். முதுகு வலி என்று மருத்துவ விடுப்பில் இருக்கும் தாங்கள், குந்தியும் குனிந்தும் ஆடும் விளையாட்டுகளில் வாராவாரம் ஈடுபட்டு வருவது பத்திரிகை மூலம் நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. தங்களை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பதற்குச் செவ்வாய்க்கிழமை நேரில் வந்து விளக்கம் அளிக்க வேண்டும்.

படம் அங்கே எப்படிப் போனது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. ஊரே பார்க்கிற பத்திரிகைதானே என்று விட்டுவிட்டார்கள். நானும் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

திங்கள் சாயந்திரம் அம்மா வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து சித்தப்பா முன்னால் வைத்தாள். எழுதுங்க என்றாள். இந்தப் படத்தில் குனிந்திருப்பது என் அண்ணன் இல்லை, வேறு ஒருவர், அண்ணன் அன்று பாயில் படுத்திருந்தார், முகம் மட்டும் அவருடையது, இப்படி ஒரு காட்சியை நான் பார்க்கவே இல்லை. அவ்வளவுதான் எழுத வேண்டியது. அதை எழுதினால் என்ன ஆகும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். கண்ணால் கண்டதென்று கையெழுத்துப் போட்டுத்தான் பரிசு வாங்கியிருந்தார். பூந்தமல்லிப் பள்ளியிலிருந்து நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. கம்பெனியில் கொடுக்கிற கடிதம் கம்பெனியோடு நிற்காது. சித்தப்பா பேனாவை எடுத்தார். முழுவதும் எழுதிக் கையெழுத்துப் போட்டு நான்காக மடித்தார். கெட்ட மனிதர் என்று அவரை என்னால் எப்போதும் நினைக்க முடியாமல் போனது அந்தச் சாயந்திரத்தால்தான்.

எதிர்வீட்டு அங்கிள் வாசல்படியில் நின்றிருந்தார். "நானும் வரேண்ணா. அந்த முதுகு என்னுதுன்னு சொல்றேன். வேணும்னா பனியனோட குந்திக் காட்றேன், அவுங்களே ஒத்து பாத்துக்கட்டும்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆனால் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அப்பா கடிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைக்கச் சொன்னார். நான்தான் ஆணியில் தொங்கிய சட்டையின் பையில் வைத்தேன்.

மறுநாள் நானும் போனேன். செருப்பு மாட்டிவிட ஆள் வேண்டுமே. அங்கிள் ஆட்டோவை முட்டை ஏற்றிய வண்டிபோல ஓட்டினார். பின்னால் அடிக்கிற ஹாரன் எதற்கும் அசையவில்லை. பள்ளம் வரும்போதெல்லாம் "பள்ளம்ணா" என்று முன்கூட்டியே சொன்னார், அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பைத் தூக்கிக்கொண்டார். கம்பெனி வாசலில் அங்கிளை உள்ளே விடவில்லை. காவலாளி அப்பாவுக்கு வணக்கம் வைத்துவிட்டு, இது யாரு பாப்பா, படத்துல இருக்கிற பொண்ணா என்று என் கன்னத்தைத் தட்டினார்.

அந்த அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி. அதிகாரி கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். பயமுறுத்துகிற ஆள் இல்லை. என்னிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டார். அப்பாவை உட்காரச் சொன்னார். அப்பா நின்றுகொண்டே இருந்தார். உட்கார்ந்தால் எழ முடியாது. அது அதிகாரிக்குத் தெரியவில்லை, மரியாதைக்கு நிற்கிறார் என்று நினைத்திருப்பார். குண்டூசித் துளைகள் நான்கும் தெரிய அந்த நடுப்பக்கத்தை மேசைமேல் விரித்தார். டாக்டர் என்ன எழுதியிருக்கிறார், பத்திரிகை என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டையும் படித்துக் காட்டினார். பிறகு பக்கத்தை அப்பா பக்கமாகத் திருப்பினார்.

"இது நீதானாப்பா?"

நான் அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தேன். மடித்த தாளின் விளிம்பு வெளியே தெரிந்தது. இப்போது எடுப்பார், இப்போது எடுப்பார் என்று காத்திருந்தேன். அப்பா குனிய முடியாமல், கண்ணை மட்டும் தாழ்த்தி, படத்தைப் பார்த்தார். பாயில் படுத்தபடி பார்ப்பாரே, அதேபோல.

"நான்தான் சார்."

அதிகாரி கொஞ்சம் ஏமாந்ததுபோல் இருந்தார். மறுப்பார், வாதாடுவார் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யார் வரைந்தது என்று கேட்டார்.

"என் தம்பி சார். அவன நான்தான் படிக்க வெச்சேன்."

இதைச் சொல்லும்போது அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றும் தெரியும். அந்த முகத்தைச் சித்தப்பா வரைந்ததில்லை. நல்ல கை என்றார் அதிகாரி. உண்மையை ஒத்துக்கொண்டதால் வேலையை விட்டு நீக்கவில்லை, எச்சரிக்கையோடு விடுகிறேன், நாளைக் காலை ஷிப்டுக்கு வந்துவிட வேண்டும் என்றார். குந்தி ஆட முடிந்தவனுக்கு நின்று லேத் ஓட்ட முடியாதா என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே அப்படி நினைத்துக் கேட்டார். அப்பா சரி சார் என்றார். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அப்பா மறுநாள் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அதன் பிறகு அவர் முதுகு நேராக நின்று நான் பார்த்ததில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு அறுவைச் சிகிச்சை, அதற்குப் பிறகு கம்பெனி ஸ்டோரில் சீட்டு எழுதுகிற வேலை, அதற்கும் பிறகு வீடு. கடிதத்தை ஏன் கொடுக்கவில்லை என்று அம்மா அன்று மாலையே கேட்டாள். "அவரு கேக்கல" என்றார். அம்மா வெந்நீர் போட எழுந்து போனாள். சித்தப்பாவுக்கு வேலை கிடைத்தது. சம்பளம் வாங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு எது வேண்டுமானாலும் சொல்லாமலே செய்தார். அதற்குப் பிறகு வரைந்த படங்களில் மலை இருந்தது, கோயில் கோபுரம் இருந்தது, படகு இருந்தது. மனிதர்கள் இல்லை.

இதெல்லாம் பிறகு நடந்தவை. அன்று ஆட்டோவில் திரும்பும்போது எனக்கு அப்பாமேல் கடும் கோபம். என் வகுப்பில் பொய் சொன்னால் பெஞ்சுமேல் ஏறி நிற்க வேண்டும். அப்பா பையில் உண்மையை வைத்துக்கொண்டே பொய் சொல்லிவிட்டார், அதையும் தனக்கே எதிராகச் சொல்லிக்கொண்டார் என்பது எனக்கு எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. அங்கிள் கண்ணாடியில் பார்த்து, "இன்னாச்சுண்ணா?" என்றார். "நாளைக்கி டூட்டி" என்றார் அப்பா. அங்கிளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பள்ளம் வந்தால் சொன்னாரே தவிர வேறு பேசவில்லை.

எஸ்டேட்டைத் தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறியதும் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"கோலி அடிக்கிறதுக்கு வெரல எப்டிம்மா வெச்சுக்கணும்?"

தெரியாதா என்று கேட்டேன். ஆடினதில்லை என்றார்.

கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொல்லிக் கொடுத்தேன். இடது கைக் கட்டைவிரலைத் தரையில் ஊன்ற வேண்டும், நடுவிரல் நுனியில் கோலியை வைத்து, வலது கையால் அந்த விரலை வில்போலப் பின்னால் இழுத்து விட வேண்டும். தரைக்குப் பதிலாக அவர் தன் தொடையில் கட்டைவிரலை ஊன்றிக்கொண்டார். லேத்தில் காய்த்துப்போன விரல், பின்னால் வளையவே இல்லை. இல்லாத கோலி ஒவ்வொரு தடவையும் நழுவி விழுந்தது. அப்படி இல்லை, இப்படி என்று விரலைப் பிடித்து வைத்தேன். அவர் மறுபடி செய்து பார்த்தார். அந்த அதிகாரி இன்னொரு தரம் கூப்பிட்டு, எங்கே ஆடிக் காட்டு என்று கேட்டுவிட்டால் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்பதற்காகத்தான் கற்றுக்கொள்கிறார் என்று நினைத்தேன். அதனால் சிரிக்காமல், டீச்சர் மாதிரி கவனமாக, அம்பத்தூர் ஓ.டி. நிறுத்தம் வருகிறவரை திரும்பத் திரும்பச் செய்ய வைத்தேன்.